படத்தின் மேல் அவுட்லைன் கட்டிய தமிழ் எழுத்து: பைத்தான், பில்லோ வைத்துச் செய்யும் முழுமையான வழிகாட்டி

புகைப்படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் வானம் இருக்கும் பக்கம் பாதிச் சொல் கரைந்துவிடும். கறுப்பு வைத்தால் மரநிழலில் மறையும். வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கறுப்பு அவுட்லைன் கட்டினால் எந்தப் பின்னணியிலும் படிக்கலாம்.

பைத்தானில் படங்களைக் கையாளும் லைப்ரரியான பில்லோவில் அவுட்லைனுக்குத் தடிமன், நிறம் என்று இரண்டே ஆர்க்யுமென்ட் போதும். அதில் யாரும் சிக்கிக்கொள்வதில்லை. கொம்பு இடம் மாறுவது, வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது, எழுதியதே படத்தில் வராமல் போவது, இவைதான் ஆட்களை நாள்கணக்கில் உட்கார வைக்கின்றன. பெரும்பாலும் காரணம், வேலையை வரிசை மாற்றிச் செய்வது. அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது, நான் இணைகோடு போட்டிருக்கும் இடத்தில் அண்டர்ஸ்கோர் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பில்லோ 8.2 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். அவுட்லைன் வசதி 6.2-லேயே வந்துவிட்டது. ஆனால் நங்கூரப் புள்ளி வைத்து எழுத்தை நிறுத்தும் வசதியும், சரியாக அளக்கும் 'டெக்ஸ்ட்பிபாக்ஸ்' ஃபங்ஷனும் 8.0-இல்தான் வந்தன. பழைய பாடங்களில் அளவெடுக்க 'டெக்ஸ்ட்சைஸ்' என்று இருக்கும். அதை 10.0-இல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் பிழை வந்தால் உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை, நீங்கள் பார்க்கும் பாடம் பழையது.

அடுத்தது ஃபான்ட் கோப்பு. யூனிகோட் ஃபான்டாக இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய ஃபான்டுகளில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு யூனிகோட் தமிழைக் கொடுத்தால் வெறும் கட்டங்கள்தான் வரும். முக்த மலர், ஹிந்த் மதுரை, கேடமரன் மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தோடு கிடைக்கின்றன. மூன்றிலும் ஆங்கில எழுத்துகளும் உண்டு. இதை முக்கியமாகச் சொல்கிறேன்: ஒரு ஃபான்டில் இல்லாத எழுத்தைப் பில்லோ வேறொரு ஃபான்டில் போய்த் தேடாது. தமிழ் வாக்கியத்தின் நடுவே ஓர் ஆங்கிலப் பெயரோ ஈமோஜியோ வந்தால் அந்த இடத்தில் கட்டம் வந்து நிற்கும்.

தடித்த வகையையே எடுங்கள். மெல்லிய ஃபான்டுக்கு அவுட்லைன் கட்டினால் கறுப்புதான் கண்ணில் படும், உள்ளே இருக்கும் வெள்ளை நூலாகிவிடும்.

ஃபான்ட் கோப்பின் பாதையை முழுமையாகக் கொடுங்கள். வெறும் கோப்புப் பெயரை மட்டும் கொடுத்தால் உங்கள் மடிக்கணினியில் ஓடும். சர்வரில் வேறொரு கோப்புறையிலிருந்து நிரல் ஓடும்போது 'கேன்னாட் ஓப்பன் ரிசோர்ஸ்' என்று நின்றுவிடும்.

மூன்றாவது தேவை ஃப்ரிபிடி என்ற சிறிய லைப்ரரி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏன் வேண்டும் என்பது அடுத்த படியில்.

2. எழுத்து ஒழுங்காகச் சேர்கிறதா என்று முதலில் பாருங்கள்

படத்தைத் தொடும் முன் இதை முடித்துவிட வேண்டும். அவுட்லைன், நிறம், இடம் எல்லாம் முடிந்த பிறகு கொம்பு தவறான இடத்தில் நிற்பதைப் பார்த்தால், கோளாறு எங்கே என்று தேடும் வட்டம் பெரிதாகிவிடும்.

பில்லோவுக்கு எழுத்துகளை அடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பேசிக், இன்னொன்று ராக்ம். பேசிக் வழி, நினைவகத்தில் குறியீடுகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் வடிவங்களை ஒட்டிக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு. ஆனால் எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். பேசிக் வழியில் அது பின்னாலேயே நின்றுவிடும். 'பூ' ஒரே வடிவமாகச் சேராமல் ப தனியாக, ஊகாரக் குறி தனியாக விழும். ராக்ம் வழி, எழுத்துகளைச் சேர்த்துக் கட்டும் லைப்ரரியான ஹார்ஃப்பஸ் மூலம் ஃபான்டுக்குள் இருக்கும் சேர்ப்பு விதிகளைப் படித்து, எழுத்தை நாம் எழுதுகிற மாதிரியே கட்டும்.

8.2 முதல் பில்லோவின் தயார் தொகுப்புகளிலேயே ராக்ம் இருக்கிறது. ஆனால் ஓடும்போது அது ஃப்ரிபிடியைக் கணினியில் தேடும். கிடைக்காவிட்டால் ராக்ம் இல்லாதது போலவே பில்லோ நடந்துகொள்ளும். லினக்ஸில் ஏபிடி மூலம் 'லிப்ஃப்ரிபிடி0', மேக்கில் ஹோம்ப்ரூ மூலம் 'ஃப்ரிபிடி' நிறுவினால் போதும். விண்டோஸில் அதன் டிஎல்எல் கோப்பு, கணினி தேடும் பாதைகளில் ஒன்றில் இருக்க வேண்டும். மடிக்கணினியில் ஒழுங்காக வந்த தமிழ், நிரலைத் தனிப் பொதியாக ஓட்டும் டாக்கரில் உடைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஃப்ரிபிடியைத்தான். சிறியதாக வெட்டிய சர்வர் இமேஜ்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

சோதிக்க, பில்லோவின் 'ஃபீச்சர்ஸ்' பகுதியில் உள்ள 'செக்' ஃபங்ஷனுக்கு 'ராக்ம்' என்று கொடுங்கள். ட்ரூ வர வேண்டும்.

அப்புறம், வெள்ளைப் பின்னணியில் ஒரு சோதனை வரி எழுதிப் பாருங்கள். நான் வைத்திருப்பது 'கொய்யாப்பூ மணக்கும் வேளை'. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும், இரட்டைக்கொம்பு, ஐகாரம், உகரம், ஊகாரம், புள்ளி எல்லாம் இந்த ஒரே வரியில் வந்துவிடும். 'தமிழ்' என்று மட்டும் எழுதிப் பார்த்துத் திருப்தியடைபவர்கள் அதிகம். அந்தச் சொல்லில் கொம்பே கிடையாது. பேசிக் வழியிலேயே ஏறக்குறைய சரியாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

இன்னொரு பாதுகாப்பும் செய்துகொள்ளலாம். எழுதும் ஒவ்வொரு அழைப்பிலும் 'லாங்குவேஜ்' என்ற ஆர்க்யுமென்டுக்குத் தமிழின் ஈரெழுத்துக் குறியீடான 'டிஏ' என்பதை இடையில் எதுவும் இல்லாமல் கொடுங்கள். ராக்ம் இல்லாத இடத்தில் இந்த ஆர்க்யுமென்ட் வந்தால் பில்லோ 'கீஎரர்' காட்டி நின்றுவிடும். உடைந்த தமிழோடு நூறு படங்கள் சத்தமில்லாமல் தயாராவதைவிட முதல் படத்திலேயே நிரல் நிற்பது எவ்வளவோ மேல். இதற்காகவே நான் அதை எப்போதும் கொடுக்கிறேன்.

3. படத்தைத் திறந்து சீராக்குங்கள்

இதற்குள்ளேயும் ஒரு வரிசை உண்டு: திறப்பது, நிமிர்த்துவது, ஆர்ஜிபி ஆக்குவது, அளவு குறைப்பது, கடைசியில் வரைபலகை எடுப்பது.

கைபேசிப் படங்களில் பல, கோப்பில் படுத்த நிலையில் இருக்கும். 'இப்படித் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு, படத்தோடு வரும் எக்ஸிஃப் என்ற தகவல் பகுதியில் தனியாக இருக்கும். பில்லோ அதைத் தானாகப் பார்க்காது. 'இமேஜ்ஆப்ஸ்' பகுதியில் உள்ள 'எக்ஸிஃப்-டிரான்ஸ்போஸ்' படத்தை நிமிர்த்திக் கொடுக்கும். இதை விட்டால் உங்கள் எழுத்து படத்தின் பக்கவாட்டில் போய் ஏறும்.

ஆர்ஜிபி ஆக மாற்றுவது, வண்ணப்பட்டியல் வகைப் பிஎன்ஜி, ஜிஃப் கோப்புகளுக்காக. அவற்றில் நேரடியாக வரைந்தால் நிறமும் ஓரங்களும் நினைத்தபடி வராது.

படத்தைச் சுருக்க வேண்டுமென்றால் எழுதும் முன்பே சுருக்குங்கள். 4000 பிக்சல் படத்தில் எழுதிவிட்டுப் பிறகு 1000-க்குக் குறைத்தால், 8 பிக்சல் அவுட்லைன் 2 பிக்சலாகிவிடும்.

'இமேஜ்டிரா'வின் 'டிரா'வை அழைத்து வரைபலகை எடுப்பது கடைசியில்தான். திருப்புவதும் மாற்றுவதும் புதிய படத்தைத் திருப்பித் தரும், பழையது அப்படியே இருக்கும். முன்கூட்டியே வரைபலகை எடுத்தவர்கள் பழைய படத்தில் எழுதிக்கொண்டே இருப்பார்கள், சேமிப்பது புதிய படமாக இருக்கும். 'பிழையே வரவில்லை, ஆனால் எழுத்தைக் காணோம்' என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

4. எழுத்தின் அளவும் அவுட்லைனின் அளவும்

இரண்டையும் எண்ணாக எழுதி வைக்காதீர்கள். 1080 பிக்சல் படத்தில் அழகாக இருந்த 5 பிக்சல் அவுட்லைன், 3000 பிக்சல் படத்தில் இருப்பதே தெரியாது.

எழுத்தின் அளவைப் படத்தின் அகலத்திலிருந்து எடுங்கள். அகலத்தை 14-ஆல் வகுத்துத் தொடங்குவது என் வழக்கம். அவுட்லைனை எழுத்தின் அளவிலிருந்து எடுங்கள். 6 முதல் 8 சதவீதம் தமிழுக்குப் பொருந்துகிறது, குறைந்தபட்சம் 2 பிக்சல். 72 அளவு எழுத்து என்றால் 5 பிக்சல். 10 சதவீதத்தைத் தாண்டினால் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளின் கறுப்பு ஒன்றோடொன்று சேர்ந்து, ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு, சொல் முழுக்க ஒரே கறுப்புப் பட்டையாகிவிடும். மீம் பாணியில் அப்படித்தான் வேண்டும் என்றால் சரி.

பில்லோவின் 'ஸ்ட்ரோக்-வித்' என்பது எழுத்தின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் வெளியே போகும் தூரம். 5 கொடுத்தால் இடப்பக்கம் 5, வலப்பக்கம் 5. ஆகவே ஒரு வரியின் மொத்த அகலம் 10 பிக்சல் கூடும். உலாவியில் கணக்கு வேறு, அதைக் கடைசிப் படியில் பார்க்கலாம்.

5. வரி பிரிப்பது

பைத்தானின் 'டெக்ஸ்ட்ராப்' இங்கே உதவாது. அது குறியீடுகளை எண்ணும். 'கொய்யாப்பூ' நம் கண்ணுக்கு 5 எழுத்து, 'லென்' கேட்டால் 10 என்று வரும். எண்ணிக்கை வைத்துப் பிரித்தால் வரிகள் ஏறுக்குமாறாக இருக்கும். நீளமான சொல்லை நடுவில் வெட்டினால் புள்ளியோ துணைக்காலோ அடுத்த வரியின் தொடக்கத்தில் அநாதையாகப் போய் நிற்கும்.

இடைவெளியில் மட்டும் பிரியுங்கள். ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து, 'டெக்ஸ்ட்லெங்த்' மூலம் பிக்சலில் அளந்து, படத்தின் அகலத்தில் 90 சதவீதத்தைத் தாண்டும்போது புதிய வரி தொடங்குங்கள். 'டெக்ஸ்ட்லெங்த்' அவுட்லைனைக் கணக்கில் எடுக்காது, அதன் இருமடங்கை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே சொல்லே அகலத்தைத் தாண்டினால் எழுத்தின் அளவை 2 குறைத்து மறுபடி முதலிலிருந்து பிரியுங்கள். தமிழில் இது அடிக்கடி நடக்கும். 'கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல் போதும், 72 அளவில் சிறிய படத்தை இடமிருந்து வலம் அடைத்துவிடும். அளவு குறையும் ஒவ்வொரு முறையும் அவுட்லைனையும் புதிதாகக் கணக்கிட மறக்காதீர்கள்.

உரை வேறு எங்கிருந்தாவது வருகிறது என்றால், பிரிக்கும் முன் 'யூனிகோட்டேட்டா'வின் 'நார்மலைஸ்' மூலம் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒகரக் குறியைச் சில கருவிகள் ஒரே குறியீடாகவும், சில கருவிகள் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கும். படத்தில் வேறுபாடு தெரியாது, ஆனால் உரையை ஒப்பிடும்போதும் தேடும்போதும் கழுத்தறுக்கும்.

6. இடம் பிடிப்பது

பல வரி உரையை அப்படியே பில்லோவிடம் கொடுத்தால் அதுவே வரிகளை அடுக்கும். ஆனால் வரி உயரத்தை அது ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'வை அளந்துதான் முடிவுசெய்கிறது, இடைவெளியாக 4 பிக்சல் சேர்க்கிறது. 'ஏ'வுக்கு அடிக்கோட்டுக்கு, அதாவது எழுத்துகள் உட்காரும் கோட்டுக்கு, கீழே எதுவும் இல்லை. நமக்கோ பூ, ழு, ஞ எல்லாம் கீழே இறங்கும், அடுத்த வரியின் கீ, வி மேலே சுழித்துக்கொண்டு ஏறும். இரண்டும் முட்டிக்கொள்ளும். அதனால் வரிகளை நாமே ஒவ்வொன்றாக வைப்பது நல்லது.

ஃபான்டின் 'கெட்மெட்ரிக்ஸ்' இரண்டு எண்களைத் தரும்: அடிக்கோட்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு. இரண்டையும் கூட்டி, அவுட்லைனையும் ஒருமுறை சேர்த்தால் கிடைப்பது வரி உயரம்.

நங்கூரமாக 'எம்எஸ்' என்று இரண்டு எழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கிடையாக நடு, செங்குத்தாக அடிக்கோடு என்று பொருள். எழுத்தின் பெட்டியை அளந்து நடுவில் வைக்கும் முறை, ஒற்றை வரிக்குச் சரியாகத் தெரியும். பல வரி என்றால், பூ உள்ள வரிக்கும் இல்லாத வரிக்கும் பெட்டி உயரம் மாறுவதால் வரி இடைவெளி தாறுமாறாகும். அடிக்கோட்டை வைத்து எண்ணினால் இந்தத் தொல்லை கிடையாது.

படத்தின் கீழ்ப்பக்கம் எழுதுவதானால் கடைசி வரியின் அடிக்கோட்டிலிருந்து மேல்நோக்கிக் கணக்கிடுங்கள். படத்தின் உயரத்திலிருந்து ஓர இடைவெளி, எழுத்தின் கீழ்ப்பகுதி, அவுட்லைன் மூன்றையும் கழித்தால் அந்த அடிக்கோடு கிடைக்கும். முடிவில் 'டெக்ஸ்ட்பிபாக்ஸ்' ஃபங்ஷனுக்கு அதே 'ஸ்ட்ரோக்-வித்' கொடுத்துக் கேட்டால், படத்தின் எல்லையைத் தாண்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

7. வரைவது: முதலில் எல்லா வரிக்கும் அவுட்லைன், பிறகு எல்லா வரிக்கும் உள் நிறம்

ஒற்றை வரி என்றால் ஒரே அழைப்பு போதும். 'டெக்ஸ்ட்' ஃபங்ஷனுக்கு உள் நிறம், 'ஸ்ட்ரோக்-வித்', 'ஸ்ட்ரோக்-ஃபில்' மூன்றையும் கொடுங்கள். பில்லோ உள்ளே இதைச் சரியான வரிசையில்தான் செய்கிறது. முழு வரிக்கும் அவுட்லைனை வரைந்துவிட்டு, அதன் மேல் உள் நிறத்தை வைக்கிறது. அதனால்தான் ஓர் எழுத்தின் கறுப்பு பக்கத்து எழுத்தின் வெள்ளையைத் தின்பதில்லை.

அந்தப் பாதுகாப்பு ஒரு வரிக்குள் மட்டும்தான். வரிக்கு ஓர் அழைப்பாகப் போனால், இரண்டாம் வரியின் கறுப்பு, முதல் வரியிலிருந்து கீழே இறங்கிய ஊகாரத்தின் வாலைச் சுரண்டிவிடும். வரி இடைவெளியை இறுக்கினால் உடனே கண்ணில் படும்.

ஆகவே இரண்டு சுற்றாகப் போங்கள். முதல் சுற்றில் எல்லா வரிகளையும் கறுப்பில், 'ஸ்ட்ரோக்-வித்' கொடுத்து எழுதுங்கள். இரண்டாம் சுற்றில் அதே இடங்களில், அதே நங்கூரத்தோடு, வெள்ளையில், 'ஸ்ட்ரோக்-வித்' இல்லாமல் எழுதுங்கள். அவுட்லைன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடிக்கோட்டு நங்கூரம் இடம் மாறாது, இரண்டும் சரியாக ஒன்றன் மேல் ஒன்று உட்காரும்.

இரட்டை அவுட்லைனும் இதே முறைதான். திருவிழா போஸ்டர் மாதிரி மஞ்சள் எழுத்து, சுற்றிச் சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளை வேண்டுமென்றால் மூன்று சுற்று: 12 பிக்சல் வெள்ளை, 6 பிக்சல் சிவப்பு, கடைசியில் மஞ்சள். எப்போதும் பெரியதிலிருந்து சிறியதை நோக்கி.

இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. கறுப்பில் எழுத்தை எட்டுத் திசையிலும் சில பிக்சல் நகர்த்தி நகர்த்தி எழுதிவிட்டு, நடுவில் வெள்ளையை வைப்பது. 2 பிக்சலுக்கு அது தாங்கும். 6 பிக்சல் போனால் வளைவுகளில் படிக்கட்டு மாதிரி உடைசல் தெரியும். நம் எழுத்துகளில் வளைவுதான் அதிகம். அதை இனிமேல் தொட வேண்டாம்.

8. சேமிப்பது

பில்லோ ஜேபெக்கைச் சேமிக்கும்போது தரம் இயல்பாக 75. நிறத் தகவலையும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கும். புகைப்படத்தில் அது தெரியாது. கூர்மையான சிவப்பு எழுத்தின் ஓரத்தில் கசிவு போலத் தெரியும். 'குவாலிட்டி' 92, 'சப்சாம்ப்ளிங்' 0 என்று கொடுங்கள்.

எங்காவது ஒளிபுகும் லேயர் சேர்த்திருந்தால், படம் ஆர்ஜிபிஏ ஆகியிருக்கும். ஜேபெக் அதை ஏற்காது, பிழை காட்டும். சேமிக்கும் முன் ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள்.

மூலப் படத்தின் மேலேயே சேமிக்காதீர்கள். எழுத்துப் பிழை கண்ணில் படுவது எப்போதும் சேமித்த பிறகுதான்.

9. ஓபன்சிவியில் இருப்பவர்களுக்கு

ஓபன்சிவி என்ற படச்செயலாக்க லைப்ரரியில் எழுத்து வைக்கும் 'புட்டெக்ஸ்ட்' தமிழை எழுதாது, கேள்விக்குறிகளாகத்தான் போடும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். படத்தை பிஜிஆரிலிருந்து (நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசை) ஆர்ஜிபிக்கு (சிவப்பு, பச்சை, நீலம்) மாற்றி, பில்லோவுக்குக் கொண்டுவந்து, மேலே சொன்னபடி எழுதி, திரும்ப பிஜிஆர் ஆக்கிக்கொள்ளுங்கள். மாற்றாமல் விட்டால் முகங்கள் நீலமாகிவிடும்.

10. உலாவியின் கேன்வாஸில் செய்வதானால்

விண்டோஸில் ஃப்ரிபிடி ஒத்துழைக்கவே இல்லை என்றால், உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்டால் வரையும் பலகையான கேன்வாஸ் நல்ல மாற்று வழி. எழுத்தைச் சேர்க்கும் வேலையை உலாவியே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஐந்து இடத்தில் கவனம் வேண்டும்.

முதலில் 'ஸ்ட்ரோக்டெக்ஸ்ட்', பிறகு 'ஃபில்டெக்ஸ்ட்'. மாற்றிப் போட்டால் அவுட்லைன் எழுத்தின் உள்ளே ஏறி அதை மெலிய வைக்கும்.

'லைன்வித்' என்பது ஓரத்தின் நடுவில் நிற்கும் கோட்டின் முழுத் தடிமன். பாதி வெளியே, பாதி உள்ளே. பில்லோவின் 5-க்கு இங்கே 10 கொடுக்க வேண்டும்.

'லைன்ஜாயின்' என்பது ஆர்க்யுமென்ட் அல்ல, கேன்வாஸின் ஒரு பண்பு. அதை 'ரவுண்ட்' ஆக்குங்கள். இயல்பாக இருக்கும் 'மைட்டர்', கூர்மையான மூலைகளில் முள் முள்ளாக நீட்டிவிடும். பில்லோ இதை எப்போதும் உருட்டியே வரைவதால், அங்கிருந்து வருபவர்களுக்கு இந்த முள் புதிதாக இருக்கும்.

வரைவதற்கு முன் ஃபான்ட் வந்துசேர வேண்டும். பக்கத்தின் 'ஃபான்ட்ஸ்' பொருளில் உள்ள 'லோட்' ஃபங்ஷனை அழைத்து, அது முடியும்வரை காத்திருங்கள். அதற்கு இரண்டாவது ஆர்க்யுமென்டாக நீங்கள் எழுதப்போகும் தமிழ் உரையையே கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது ஒற்றை இடைவெளிக்குத் தேவையான கோப்பை மட்டும் ஏற்றும். கூகுள் ஃபான்ட்ஸ் ஒரே ஃபான்டை மொழிவாரியாகத் துண்டு துண்டாகப் பிரித்துத் தருவதால், ஆங்கிலத் துண்டு மட்டும் வந்துசேரும், தமிழ் வேறு ஏதோ ஃபான்டில் வரையப்படும். பக்கத்தை இரண்டாம் முறை திறக்கும்போது சரியாகத் தெரிவதால் இந்தக் கோளாறைப் பிடிப்பது சிரமம்.

பின்னணிப் படம் வேறொரு தளத்திலிருந்து வந்தால், திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், பதிவிறக்கப் பொத்தானை அழுத்தும்போதுதான் பாதுகாப்புப் பிழை வரும். படத்தின் முகவரியைக் கொடுப்பதற்கு முன்பே அதன் 'கிராஸ்ஆரிஜின்' பண்பை 'அனானிமஸ்' என்று வையுங்கள். அந்தத் தளமும் இதற்கு அனுமதி தர வேண்டும். தராவிட்டால் படத்தை உங்கள் சர்வரில் வைத்து அங்கிருந்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.